இரண்டாம் எழுத்து

எங்கள் கம்பெனியில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தமிழ் பேசுகிறவர்கள் நூற்றெண்பது பேர் இருந்தார்கள், அது வேறு விஷயம். வேலூர், திருப்பத்தூர், தர்மபுரி என்று எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வந்து பெங்களூர் பீன்யாவில் இறங்கி, லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் நின்றவர்கள். பாதிப் பேருக்கு 'ழ' வராது. மீதிப் பேருக்கு வந்தும் பிரயோஜனமில்லை, அதை வைத்துக்கொண்டு பேசுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. நான் அப்படி வந்து இறங்கியவன் அல்ல. என் அப்பா மைசூர் சமஸ்தானத்தில் ரெவின்யூ இலாகாவில் இருந்தவர். மூன்று தலைமுறையாக எங்களுக்குப் பெங்களூர்தான் ஊர். வெளியே கன்னடம், வீட்டில் தமிழ், அந்தத் தமிழும் யாப்பிலக்கணம் வரை படித்த தமிழ். கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் சூப்பரின்டெண்ட். பெயர் ரங்கநாதன்.

இவர்கள் 'தமிழ்த் தொழிலாளர் நலச் சங்கம்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். பொங்கலுக்குக் கரும்பு வாங்குவதும், யாராவது ரிட்டயர் ஆனால் கேன்டீன் ஹாலில் பாராட்டு விழா நடத்துவதும்தான் அதன் மொத்த வேலை. விழாவில் மாலை போடுவார்கள், சால்வை போர்த்துவார்கள், தலையில் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகையைக் கவிழ்ப்பார்கள். பேட்டா எல்லார் தலைக்கும் பெரிதாகவே இருக்கும். பிறகு பழக்கூடை. கடைசியில் மடல். அதாவது, ரிட்டயர் ஆகிறவரைப் புகழ்ந்து ஒரு பாட்டு, வழவழப்பான தாளில் அச்சடித்து, சுற்றிலும் பூப்போட்ட பார்டருடன், கண்ணாடி வைத்த ஃப்ரேமில். அதை எழுதுவதும் நான்தான், மேடையில் ஏறிப் படிப்பதும் நான்தான்.

இருபத்திரண்டு வருடத்தில் அறுபத்தெட்டு மடல். படித்து முடித்ததும் அந்த ஆள் அழுவான், அவன் பெண்டாட்டி அழுவாள், முன் வரிசையில் இரண்டு பேராவது மூக்கை உறிஞ்சுவார்கள். நான் சால்வையைச் சரி செய்துகொண்டு இறங்கி வருவேன். எதற்காக அழுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது என்பது என் அபிப்பிராயம்.

எழுதுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. சங்கச் செயலாளர் சின்னப்பா வந்து நிற்பான். கோலார் தங்கவயல்காரன், லேத் ஆபரேட்டர், எதற்கெடுத்தாலும் தலையைச் சொறிவான். இன்னார் ரிட்டயர் ஆகிறார் என்பான். ஆரம்பத்தில் அந்த ஆள் எப்படிப்பட்டவர், மெஷினில் என்ன கெட்டிக்காரத்தனம், வீட்டில் என்ன கஷ்டம் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தான். கையைக் காட்டி நிறுத்தினேன். பேரை மட்டும் சொல்லு, போதும் என்றேன். பேரில் எனக்கு வேண்டியது இரண்டாம் எழுத்து. எதுகை என்பது அவ்வளவுதான், அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும். சுந்தரம் என்றால் சிந்தனை, சொந்தம், வந்தவர். முருகேசன் என்றால் கருணை, அருமை, பெருமை. வாய் தானாகவே சொல்லும்.

ஒரு எழுத்துக்கு ஒரு பாட்டு வைத்திருந்தேன். மொத்தம் பதினொரு பாட்டு. அறுபத்தெட்டு பேரும் அந்தப் பதினொன்றுக்குள் அடங்கிவிட்டார்கள். லேத்தில் நின்ற சுந்தரத்துக்குப் படித்ததையே பெயின்ட் அடித்த நந்தகோபாலுக்கும் படித்தேன், முதல் அடியில் பேரை மட்டும் மாற்றி. இதில் எனக்கு உறுத்தல் எதுவும் இருக்கவில்லை. சுந்தரத்துக்கும் நந்தகோபாலுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? இரண்டு பேரும் எட்டு மணிக்கு வந்தார்கள், ஐந்து மணிக்குப் போனார்கள். புதிதாகச் சேர்ந்த பையன்களில் ரமேஷ் கிமேஷ் என்று பேர் வைத்துக்கொண்டு எதுகைக்கே அடங்காத கும்பல் ஒன்று வந்திருந்தது. அவர்கள் ரிட்டயர் ஆவதற்குள் நான் போய்ச் சேர்ந்திருப்பேன் என்பதால் கவலைப்படவில்லை.

ஒரே ஒரு தடவைதான் அழுகை வரவில்லை. தொண்ணூற்றேழில் கேன்டீன் ரத்தினம்மாள் ரிட்டயர் ஆனாள். தினம் இரண்டு வேளை என் மேஜைக்குக் காபி கொண்டுவந்து வைத்தவள். என்னிடம் 'த்' எழுத்துக்கான பாட்டு தயாராக இருந்தது, ஏற்கெனவே இரண்டு முத்துசாமிகளுக்குப் படித்தது.

ரத்தினம் எனும்பேர் செயலிலும் ஒளிரும்
பத்து விரலும் பம்பரமாய்ச் சுழலும்

என்று கணீரென்று படித்தேன். ஹாலில் ஒரு சத்தமில்லை. கைதட்டலே கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. ரத்தினம்மாள் எழுந்து, கைகளை முந்தானைக்குள் வைத்தபடி எனக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். சபையே திகைத்துப் போய்விட்டது என்று அன்று சாயங்காலம் என் மனைவி பாமாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டாயிரத்தொன்று ஏப்ரலில் என் முறை வந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் ஒரு மடல் வேண்டியிருந்தது. அறுபத்தெட்டு பேருக்கு எழுதிய கைக்குத் தனக்கென்று ஒன்று எழுதிக்கொள்ள முடியாது. நானே எழுதி வேறொருவன் பேரில் படிக்கச் சொல்லலாமா என்றுகூட இரண்டு நாள் யோசித்தேன். அது மகா கேவலம் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஆசை விடவில்லை. பீன்யாவில் இத்தனை வருடம் உட்கார்ந்ததற்கு, ரங்கநாதன் என்று ஒருவன் இன்ன மாதிரி இருந்தான் என யாராவது நான்கு அடி சொல்ல வேண்டும், அதை நான் மேடையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். பிராவிடண்ட் ஃபண்டைப் பற்றி நான் அவ்வளவு யோசிக்கவில்லை.

சின்னப்பாவைக் கூப்பிட்டு, எனக்கு இந்த மடல் கிடல் எல்லாம் வேண்டாமப்பா என்று சொல்லிப் பார்த்தேன். அதெப்படி சார் என்றான். நெஞ்சு குளிர்ந்தது. அல்சூர் பக்கம் மரபுக்கவிதை எழுதும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், வேண்டுமானால் போய்ப் பார் என்று பேச்சோடு பேச்சாக விலாசத்தையும் சொன்னேன். நாங்களே பாத்துக்கறோம் சார் என்று தலையைச் சொறிந்தான். நாங்களே என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. லீவ் லெட்டரில் ஒரு வரிக்கு மூன்று பிழை விடுகிறவர்கள்.

அடுத்த வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் நான்கைந்து பேர் கேன்டீன் மூலை மேஜையில் ஒரு தாளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஸ்டோர்ஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒருவன் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் அந்தப் பக்கம் போனால் தாள் மடிந்து சட்டைப் பைக்குள் போய்விடும். நல்லவர் வல்லவர் என்று ஏதாவது கிறுக்குவார்கள், சீர் தட்டும், தளை தட்டும், 'ழ' எல்லாம் 'ள' ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த மூலை மேஜையைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருந்தது. பிழை இருந்தாலும் மன்னித்துவிடுவது என்று தீர்மானித்தேன். அவ்வளவு கீழே இறங்கியிருந்தேன்.

விழா நாளில் பாமா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை, அதனால் மேடையில் எங்களுக்கென்று போட்டது இரண்டு நாற்காலிதான். மாலை, சால்வை எல்லாம் ஆயிற்று. பேட்டா என் காதுவரை இறங்கியது. மேனேஜர் ஹரிஷ்குமார், முப்பத்திரண்டு வயசுப் பையன், இங்கிலீஷில் நான்கு வாக்கியம் பேசினான். அதில் ஒன்றில் என்னை ரகுநாதன் என்றான். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. என் கண் சின்னப்பா கையில் இருந்த ஃப்ரேம் மேலேயே இருந்தது.

சின்னப்பா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் படித்தான்.

ரங்கநாதன் என்றால் தங்கம் அவர் மனம்

பரவாயில்லையே, எதுகை வருகிறதே என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்கும் இன்முகம் ஏந்திய நற்குணம்
பொங்கும் அன்பினில் பொழுதெலாம் உழைத்தார்
மங்காப் புகழுடன் மனங்களில் நிலைத்தார்

இரண்டாம் அடியிலேயே தெரிந்துவிட்டது. அது என் பாட்டு. தொண்ணூற்று நான்கில் ஃபவுண்டரி தங்கவேலுக்குப் படித்தது, அதற்கு முன்னால் ஒரு சங்கரனுக்குப் படித்தது. தங்கவேல் விழாவுக்கு வந்திருந்தான். முன் வரிசையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், சின்னப்பாவோடு கூடவே உதட்டை அசைத்து முழுப்பாட்டையும் சொன்னான். ஒரு வார்த்தை தவறவில்லை. ஒக்கலிபுரத்தில் அவன் வீட்டுச் சுவரில் ஏழு வருடமாக அது தொங்குகிறது, மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும்.

யாரும் சிரிக்கவில்லை. அறுபத்தெட்டு தடவை எந்த முகத்தோடு கேட்டார்களோ அதே முகத்தோடு கேட்டார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிறவர்கள். சுந்தரம் வீட்டுச் சுவரைப் பார்த்தவன் நந்தகோபால் வீட்டுச் சுவரையும் பார்த்திருப்பான். அந்த வீடுகளில் ஒன்றின் வாசலைக்கூட மிதிக்காத எனக்கு மட்டும்தான் இந்த யோசனை வராமல் போயிற்று. எல்லாருக்கும் எல்லாம் முதலிலிருந்தே தெரியும்.

கைதட்டினார்கள். ஒருவரும் அழவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், பாமாவும் அழவில்லை.

நன்றி சொல்ல எழுந்து இரண்டு வாக்கியம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. என் சரக்கையே எடுத்து என் தலையில் கட்டிவிட்டான்கள், அதுவும் என் மனைவியை வைத்துக்கொண்டு. மிக்சர் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்ததும் சின்னப்பாவை ஸ்கூட்டர் ஸ்டாண்ட் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

"என்னப்பா, கிண்டலா?" என்றேன்.

அவன் பயந்துவிடுவான் என்று நினைத்தேன். பயப்படவில்லை. தலையைச் சொறியவும் இல்லை.

"கிண்டல் இல்ல சார், தாய் மேல ஆணையா. எல்லார்க்கும் ஒரே பாட்டுதான்னு ரெண்டாவது வருஷமே தெரியும். போவுது, நம்ம பேரு பிரிண்ட்ல வருதேன்னு வுட்டுட்டாங்க. உங்களுக்காச்சும் புச்சா ஒண்ணு எழுதணும்னுதான் ஒரு வாரம் ஒக்காந்தோம். ஆளுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கப்பா, சாரைப் பத்தின்னு கேட்டேன்."

"சரி, கேட்டே. அப்புறம்?"

"யாருக்கும் ஒண்ணும் தெரியல சார்."

இருபத்திரண்டு வருடமாகக் கூடவே இருந்தவர்களுக்கா என்று கேட்டேன். அவன் கோபமே இல்லாமல் விளக்கினான். அந்தப் பொறுமைதான் எனக்குத் தாங்கவில்லை. சாருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், எதைக் கேட்டால் சிரிப்பார், யாருக்காவது ஆஸ்பத்திரியில் வந்து நின்றிருக்கிறாரா, யாரையாவது அடித்தாவது இருக்கிறாரா என்று வரிசையாகக் கேட்டுப் பார்த்தார்களாம். கோபக்காரர் என்றுகூட எழுத முடியவில்லையாம், சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை என்பதால். ரிட்டயர் ஆனவர்கள் வீடுகளுக்கும் போயிருக்கிறார்கள். ரத்தினம்மாளிடம் மட்டும் ஒரு விஷயம் கிடைத்தது. சாருக்குக் காபியில் சர்க்கரை அரை ஸ்பூன் என்று சொன்னாளாம்.

"அத வெச்சு இன்னா சார் பாட்டு எழுதறது?" என்றான் சின்னப்பா.

அவள் என்னைப் பற்றி வேறென்ன சொன்னாள் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அந்த விரல் பாட்டுக்கு அப்புறமும் உங்கள ஒண்ணும் தப்பா சொல்லல சார். அதுக்கு எட்டு விரல்தானே. எண்பத்தஞ்சுல கேன்டீன் கிரைண்டர்ல போச்சு. சாரு வேணும்னு எழுதல, அவரு பாத்திருக்கமாட்டாருன்னு அதுவே எங்களுக்குச் சொல்லிச்சு."

எண்பத்தைந்திலிருந்து தொண்ணூற்றேழு வரை பன்னிரண்டு வருடம், தினம் இரண்டு வேளை. நான் டம்ளரைப் பார்த்திருக்கிறேன். ஆடை மிதக்கிறதா, சாஸரில் சிந்தியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். கையைப் பார்த்ததாக ஞாபகமே இல்லை.

சின்னப்பா என் சால்வை நழுவுவதைப் பார்த்து எடுத்துத் தோளில் போட்டான். கடைசியில் சாருடைய பாட்டே இருக்கட்டும், அதில் பிழை இருக்காது என்று எல்லாருமாக முடிவு செய்ததாகச் சொன்னான். ஆட்டோ பிடித்து வந்து, பழக்கூடையையும் ஃப்ரேமையும் அவனே உள்ளே வைத்தான்.

தும்கூர் ரோட்டில் வண்டி ஊர்ந்தது. ஃப்ரேம் எனக்கும் பாமாவுக்கும் நடுவில் இருந்தது. யஷ்வந்த்பூர் வரை நான் வாயை மூடவில்லை. நன்றி கெட்ட ஜென்மங்கள் என்றேன். பஸ் ஏறி வந்த கும்பலிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்றேன். பாட்டு என்னுடையது, திருடிவிட்டான்கள் என்று சொன்னேன். அதை எத்தனை பேருக்குப் படித்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு மனுஷனைப் பற்றி நான்கு வார்த்தை தெரிந்துகொள்ளத் துப்பில்லை, அவர்களுக்குத்தான் தெரியவில்லை என்றால் தெரிந்தவர்களைப் போய்க் கேட்க வேண்டும் என்ற புத்தி வேண்டாமா என்றேன். நாம் இருக்கும் ராஜாஜிநகர் என்ன தூரமா, பீன்யாவிலிருந்து ஒரே பஸ். வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டிருந்தால் நீ சொல்லியிருக்க மாட்டாயா என்றேன்.

பாமா சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஆத்துக்கு வந்திருந்தாளே," என்றாள்.

"யாரு?"

"சின்னப்பாவும் இன்னும் ரெண்டு பேரும். போன ஞாயித்துக்கிழமை, நீங்க லைப்ரரிக்குப் போயிருந்தேள். ஸாரைப் பத்தி ஏதாவது ரெண்டு விஷயம் சொல்லுங்கம்மா, பாட்டுல சேத்துக்கறோம்னு கேட்டா. உக்காரச் சொல்லி காபி போட்டுக் குடுத்தேன்."

"நீ என்ன சொன்னே?"

அவள் மடியிலிருந்த பூவைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தோரு வருஷமாச்சே, ஏதாவது இருக்கும்னுதான் யோசிச்சேன். முக்கால் மணி நேரம் அவாளும் பாவம் பேனாவைத் தொறந்து வெச்சுண்டு உக்காந்திருந்தா. எனக்கும் ஒண்ணும் தோணலை. அவாளை வெறுங்கையோட அனுப்பறச்சே ரொம்ப வெக்கமா இருந்தது."